தலைவலி பேக்கேஜில் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

மாதத்தில் ஏழெட்டு நாள் ஒற்றைத் தலைவலியோடு இருட்டறையில் படுத்துக் கிடப்பவள் நான். அதனால் ஒரு தனியார் மருந்தகத்தில் "வராமலே தடுக்கிறோம், ஆறு மாதப் பேக்கேஜ், 720 வெள்ளி" என்றதும் யோசிக்காமல் அட்டையைத் தட்டிவிட்டேன். முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டர் என்னைப் பார்த்தது ஐந்து நிமிடம் இருக்குமா தெரியாது. தலைவலி வராமல் தடுக்கத் தினமும் சாப்பிடும் மாத்திரைகளான புரோப்ரனலோல், டோப்பிரமேட் இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொன்னார். சின்ன வயதில் ஆஸ்துமா இருந்ததா, பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா, வலி வந்தால் வேறு என்ன மாத்திரை போடுகிறேன், ஒன்றும் கேட்கவில்லை.

டோப்பிரமேட்டை வழக்கமாக 25 மில்லிகிராமில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எனக்கு முதல் நாளே 100. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது, சோடா குடித்தால் கேஸ் போன தண்ணீர் மாதிரி இருந்தது. ஒரு நாள் மாமியாரிடம் கரண்டி கேட்கப் போய், அந்தச் சொல்லே வாயில் வராமல் கையால் கிண்டிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் மூச்சு. தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டு மேல்மாடித் துணிக்கடைக்குப் படியேறினேன், பாதியிலேயே நெஞ்சு விசிலடித்தது. மருந்தகத்துக்கு போன் செய்தால், முகப்பில் இருந்த பெண், "பழகிடும், தொடர்ந்து சாப்பிடுங்க" என்றார். டாக்டரிடம் கேட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை பலதுறை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே மருந்தாளர் ஒரு தமிழ்ப் பிள்ளை, என் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்த்ததுமே, "அக்கா, உங்களுக்கு இழுப்பு, அதான் ஆஸ்துமா, உண்டா?" என்று கேட்டார். இழுப்பு உள்ளவர்களுக்குப் புரோப்ரனலோல் மூச்சுக்குழாயை இறுக்கிவிடுமாம். வலி வந்தால் நான் போடும் ரிசாட்ரிப்டானும் புரோப்ரனலோலோடு சேர்ந்தால் ரத்தத்தில் கூடுதலாக ஏறும், அளவைக் குறைத்துத்தான் தர வேண்டும். டோப்பிரமேட் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. இத்தனையும் அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டிருக்க வேண்டியவை. அங்கிருந்த டாக்டர் அன்றே புரோப்ரனலோலை நிறுத்தச் சொன்னார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இரண்டு மருந்து சேர்த்துக் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒன்று போதாதபோது நிபுணர்களே இரண்டாவதைச் சேர்க்கிறார்கள். ஆனால் முதல் மருந்தைச் சரியான அளவில் இரண்டு மாதமாவது பார்த்துவிட்டுத்தான். ஒரே நாளில் இரண்டும் ஆரம்பித்தால் எது குணப்படுத்தியது, எது படுத்தியது என்று யாருக்குத் தெரியும்? இப்போது சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், புரோப்ரனலோலைத் திடீரென விடுவதும் ஆபத்து, டாக்டரிடம் கேளுங்கள். மூச்சுத் திணறினால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பணமா? மீதி ஐந்து மாதத்துக்குத் திருப்பித் தர மாட்டார்களாம், வேண்டுமானால் அந்தத் தொகைக்கு முகத்துக்கு லேசர் செய்துகொள்ளலாமாம். ரசீதும் மாத்திரைப் பையும் கையில் இருக்கின்றன, பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.