ஸ்பேசரும் பீக் ஃப்ளோ மீட்டரும்: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின்

கடந்த ஆண்டு ஆடிச் சாரலில், தக்கலையை அடுத்த எங்கள் வீட்டில் நள்ளிரவுக்குப் பின் எனக்கு வந்த மூச்சுத்திணறல், 15 ஆண்டுகளாக நான் "வீசிங்" என்று இலேசாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆஸ்துமாத் தொந்தரவைப் போன்றதாக இல்லை. ஒரு மூச்சில் இரண்டு சொற்களுக்கு மேல் பேச முடியவில்லை. நீலப் பம்பை, அதாவது உடனடி நிவாரணத்துக்கான நீல நிற இன்ஹேலரை, எத்தனை முறை அடித்தேன் என்ற கணக்கும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி வழியே ஸ்டீராய்டு, மெக்னீசியம் சல்பேட் எல்லாம் ஏறிய பிறகு, விடியும் நேரத்தில்தான் என்னால் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தது. வீடு திரும்பும்போது கையில் இருந்த சீட்டில் மருந்துகளோடு இரண்டு பிளாஸ்டிக் கருவிகளின் பெயர்களும் எழுதியிருந்தன: பம்போடு பொருத்தி மருந்தை இழுக்கும் குழலான ஸ்பேசர், ஊதும் மூச்சின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். இரண்டும் சேர்ந்து 1,000 ரூபாய்க்குள் அடங்கின.

கருவிகளைப் பற்றிச் சொல்லுமுன் மருத்துவர் கேட்ட கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு எத்தனை நீலப் பம்ப் வாங்குகிறீர்கள் என்றார். மாதத்திற்கு ஒன்றுதான் என்றேன், ஏதோ சிக்கனக்காரனைப் போல. அதில் உள்ள சால்பியூட்டமால் இறுகிய மூச்சுக்குழாய்த் தசையைச் சில மணி நேரம் தளர்த்துமே தவிர, குழாயின் உட்சுவரில் உள்ள அழற்சியைத் தொடாது. ஆண்டுக்கு 3 பம்ப் தீர்ந்தாலே கடும் தாக்குதலுக்கான வாய்ப்பு கூடுகிறது என்றும், 12ஐ எட்டினால் உயிராபத்தே கூடுகிறது என்றும் ஜினா என்னும் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதல் எச்சரிக்கிறது. 2019 முதல் சால்பியூட்டமாலை மட்டும் நம்பிச் சிகிச்சை செய்வதையே அது பரிந்துரைப்பதில்லை. எனக்கு வேண்டியிருந்தது தினமும் இழுக்கும் ஸ்டீராய்டு மருந்து. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைச் சித்திரையிலேயே நிறுத்தியிருந்தேன். "பம்பு அடிச்சா பழகிப்போகும் மக்ளே, அது கடைசி மருந்தாக்கும்" என்று அம்மா அடிக்கடி சொல்வதும் எனக்கு வசதியாக இருந்தது.

ஸ்பேசரைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. பம்பை நேரடியாக வாயில் வைத்து அடிக்கும்போது, அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நிகழாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் மோதித் தங்கிவிடும். 1956ல் முதல் பம்ப் விற்பனைக்கு வந்த நாளிலிருந்தே தொடரும் சிக்கல் இது. ஸ்பேசரில் மருந்து முதலில் குழலுக்குள் நிற்கிறது, நாம் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். பம்பைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, ஒரே ஒரு முறை அழுத்தி, மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்க வேண்டும். இரண்டு அழுத்தத்தைச் சேர்த்து அடித்து ஒன்றாக இழுப்பது வீண். ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்பினால் நாக்கில் வெண்படலம் படிவது பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

கழுவுவதில்தான் நான் தவறு செய்தேன். முதல் மாதம் பாத்திரம் துலக்குவதுபோலத் தேய்த்து, துண்டால் பளபளவென்று துடைத்து வைத்தேன். துடைத்த பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறி, மருந்துத் துகளை அந்தச் சுவரே பிடித்துக்கொள்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே மாவு தூவியதுபோல் வெண்மை தெரிந்தது. மாதம் ஒருமுறை இளஞ்சூடான சோப்பு நீரில் அலசி, துடைக்காமல், தானாக உலரவிட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் இதற்குக்கூட நாள் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆனி, ஆடியில் இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே வைத்தும் வால்வின் ஓரத்தில் ஈரம் நின்றது. ஈரத்தோடு டப்பாவில் அடைத்து வைப்பது, சுவரெல்லாம் பூஞ்சை பூக்கும் வீட்டில், நோயை நாமே அழைப்பதற்குச் சமம்.

மீட்டரைத்தான் நான் முதலில் விளையாட்டுச் சாமான் என்று எண்ணினேன். முள்ளைக் கீழே தள்ளிவிட்டு, நின்றபடி மூச்சை நிறைய இழுத்து, உதடுகளை இறுக்கி ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அவற்றில் அதிகமானதைக் குறிக்க வேண்டும். விரல் முள்ளின் பாதையில் பட்டால் எண் பொய்யாகிவிடும். உடம்பு நன்றாக இருந்த இரண்டு வாரங்களில் என்னுடைய உச்ச அளவு நிமிடத்திற்கு 480 லிட்டர். அதன் 80 சதவீதமான 384க்கு மேல் பச்சை, 240 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு என்று மருத்துவர் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு நிறத்திலும் எந்த மருந்தை எவ்வளவு எடுப்பது என்றும், சிவப்பானால் நிவாரணப் பம்பை அடித்துக்கொண்டே 108ஐ அழைப்பது என்றும் குறித்துத் தந்தார். அந்தத் தாள் இல்லாமல் மீட்டரை மட்டும் வாங்குவதால் பயன் எதுவும் இல்லை.

கார்த்திகையில் குலசேகரத்தில் உறவினர் ஒருவரின் ரப்பர் ஷீட் புகைக்கூடத்தருகே அரை நாள் நின்று பேசிக்கொண்டிருந்தேன். அன்று இருமல் இல்லை. மறுநாள் காலையிலும் நெஞ்சில் இறுக்கம் எதுவும் தெரியவில்லை. மீட்டர் 350 காட்டியது. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்பட்டு மீண்டும் ஊதினேன், 340. தாளில் மஞ்சளுக்கு எழுதியிருந்தபடி மருந்தைக் கூட்டினேன். மாலையில்தான் அந்தப் பழைய விசில் சத்தம் நெஞ்சில் கேட்டது, ஆனால் அது இரவைத் தாண்டவில்லை. பல ஆண்டுகள் இழுப்போடு வாழ்ந்தவருக்குக் குழாய் சுருங்குவது உணர்வில் தெரிவதே மங்கிவிடக்கூடும் என்பதை நான் அன்றைக்கு நம்பினேன்.

மீட்டரிலும் குறைகள் உண்டு. ஊதுபவர் சோம்பினால் எண்ணும் சோம்பும். என் தம்பி விளையாட்டாக ஊதியபோது அவனுக்கு என்னைவிடக் குறைவாக வந்தது. ஒரு கருவியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது என்பதால், புதிது வாங்கினால் உச்ச அளவை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டும். தினமும் குறிப்பது அலுப்பூட்டும் வேலை. தை மாதத்தில் 11 நாள் என் தாளில் வெறுமையாகவே கிடக்கிறது. மூச்சு விட முடியாமல் தவிக்கும்போது மீட்டரைத் தேடிக்கொண்டிருப்பதும் தவறு. பேச்சு துண்டுபடுவதே போதுமான அறிகுறி.

வாங்கும்போது, ஸ்பேசரின் பின்வாயில் உங்கள் பம்ப் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பொருத்திப் பாருங்கள். என்னுடையதில் வால்வின் ஓரம் இப்போது மடங்கத் தொடங்கியிருக்கிறது, அடுத்த மாதம் புதிது வாங்க வேண்டும். மீட்டரை மாற்றுவதாக இல்லை.