எள்ளும் கம்பும்: ஒரே ஈற்றுக் குட்டிகள் இரண்டை வளர்த்த ஒன்றரை வருடம்

ஒரு குட்டி எடுத்து வரத்தான் போனோம். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் கட்டிட வேலை நடந்த இடத்தில், மணல் குவியலுக்குப் பின்னால் ஒரு தெரு நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. அங்கே காவலுக்கு இருந்த கிருஷ்ணகிரிக்காரக் குடும்பம்தான் தாய்க்குச் சோறு வைத்துப் பார்த்துக்கொண்டது. மூன்று குட்டிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது, மிச்சம் இரண்டு. பையன் கறுப்புக் குட்டியைத் தூக்கியதும் பழுப்புக் குட்டி வந்து அவன் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. "ரெண்டையும் எடுத்துக்கங்கம்மா, ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கும், உங்களுக்கும் வேலை மிச்சம்" என்றார் அந்த அக்கா. 2024 ஜூன் மாதம் அது. கறுப்புக்கு எள்ளு என்று பெயர் வைத்தோம், பெண். பழுப்பு கம்பு, ஆண்.

துணை என்பது உண்மைதான். வேலை மிச்சம் என்பது இல்லை. எள்ளுக்கு ஒரு தரம், கம்புக்கு ஒரு தரம், அப்புறம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தரம் என்று எல்லா வேலையும் மூன்றாகிவிடும். எங்கள் வீட்டில் யாரும் இதற்கு முன் நாய் வளர்த்ததில்லை. அத்தை மட்டும் திருவண்ணாமலை பக்கத்து ஊரில் வாசலுக்கு வரும் நாய்களுக்குச் சோறு போட்டுப் பழகியவர். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் வயது. எட்டு வாரம் முடியட்டும் என்று காத்திருந்தோம். எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டிகளை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே இருக்கிறது. தாயோடும் கூடப் பிறந்ததோடும் விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரமே பிரித்துவிட்டால் அந்தப் பாடத்தை நம் கை விரல்களில்தான் அது படிக்கும்.

முதல் ராத்திரி குட்டிகள் அழும், தூங்க விடாது என்று பயந்திருந்தோம். இரண்டும் ஒன்றாகச் சுருண்டு காலைவரை தூங்கின. அடடா, இரண்டாக எடுத்தது எவ்வளவு நல்லது என்று சந்தோஷப்பட்டோம். அவர்களுக்கு நாங்கள் தேவைப்படவே இல்லை என்பது அப்போது எங்களுக்குப் புரியவில்லை.

அது புரிந்தது மூன்றாவது மாதத்தில். எள்ளுக்கு வயிற்றுப்போக்கு வந்து அவளை மட்டும் டாக்டரிடம் தூக்கிப் போனேன். காத்திருக்கும் பெஞ்சில் என் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தாள். அன்றுவரை கோழித் துண்டு என்றால் குதிப்பவள், மூக்கருகே நீட்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் கம்பு நாற்பது நிமிடம் விடாமல் ஊளையிட்டு, கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்து கேட்கும்படி ஆகிவிட்டது. டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். இதைப் பயிற்சியாளர்கள் லிட்டர்மேட் சிண்ட்ரோம் என்பார்கள். நோயின் பெயர் இல்லை இது. ஒரே ஈற்றுக் குட்டிகள் எப்போதும் ஒட்டியே வளர்ந்தால் மனிதர்களையும் வெளி உலகத்தையும் தனியாக எதிர்கொள்ளப் பழகாமல் போகும், பெரிதானதும் ஒன்றோடொன்று சண்டை போடவும் கூடும் என்றார்.

அன்றிலிருந்து பிரித்து வளர்க்க ஆரம்பித்தோம். படுக்கையை ஒரேயடியாக வேறு அறைக்கு மாற்றவில்லை. ஹாலிலேயே ஒவ்வொரு ராத்திரியும் ஒரு சாண் தள்ளித் தள்ளிப் போட்டு, மூன்று வாரத்தில் கம்பு பையன் அறைக்கும் எள்ளு எங்கள் அறைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். சாப்பாட்டுத் தட்டு தனித்தனி இடத்தில். தனியாக இருக்கப் பழக்க, பழைய துண்டில் வேகவைத்த கோழியைச் சின்னச் சின்னதாகப் போட்டுச் சுருட்டி ஒன்றிடம் கொடுத்துவிட்டு, மற்றதை அடுத்த அறைக்குக் கூட்டிப் போவோம். முதல் நாள் ஒரு நிமிடம்தான். துண்டைப் பிரித்துத் தின்று முடிப்பதற்குள் மற்றது திரும்பி வந்துவிடும். அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். அரை மணி நேரம் வரை போக ஆறு வாரம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் அழ ஆரம்பித்துவிட்டால் அடுத்த நாள் பழைய அளவுக்கு இறங்கிவிடுவோம். அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டின இரண்டு தடவையும் பின்னுக்குத்தான் போனது.

எள்ளு முதல் முதலாகத் தனியே வெளியே போன காலை மறக்காது. மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்றுவிட்டாள். மேலே கதவுக்குப் பின்னால் கம்பு மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. ஒரு காது மேலே, ஒரு காது என் பக்கம். நான் லீஷை இழுக்கவில்லை, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும். பால்காரர் எங்களைத் தாண்டி ஏறி, பாக்கெட்டைப் போட்டுவிட்டு இறங்கியும் போய்விட்டார். அப்புறம் அவள் மெதுவாக ஒரு காலை நான்காவது படியில் வைத்து, என் முழங்காலில் மூக்கை முட்டினாள். அன்றைக்கு கேட் வரைக்கும்தான் போனோம், திரும்பிவிட்டோம். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்போது காலை 6 மணிக்கு எள்ளு என்னோடு, 7 மணிக்குக் கம்பு என் வீட்டுக்காரரோடு. சாயங்காலம் ஒரு மணி நேரம் மொட்டை மாடியில் இருவரும் சேர்ந்து உருளுவார்கள். அந்த ஒரு மணி நேரம் பார்க்க அவ்வளவு அழகு.

தடுப்பூசி பற்றிக் கொஞ்சம். எட்டாவது, பன்னிரண்டாவது, பதினாறாவது வாரங்களில் ஊசி போட்டோம், ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரத்துக்கு மேல். ஒரு ஊசியோடு ஏன் முடிவதில்லை என்று நானும் கேட்டேன். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குட்டி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரம் குறையும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் மாறும், அதனால்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறார்கள். குட்டிகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு வரவைத்து உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஊசி முடியும்வரை தெருத் தரையில் காலை வைக்க விடவில்லை.

ஆனால் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்ததும் இல்லை. சுமார் பதினான்கு வாரம் வரைதான் குட்டியின் மனம் புதியதைப் பயமில்லாமல் ஏற்கும். அத்தையின் பழைய பருத்திப் புடவையைத் தோளில் தூளி மாதிரி கட்டி, ஒரு நாள் எள்ளு, மறு நாள் கம்பு என்று காக்ஸ் டவுன் மார்க்கெட் ஓரம் தூக்கிப் போவேன். ஹெல்மெட் போட்ட ஆட்கள், குடை, தள்ளுவண்டி, ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும் சத்தம், எல்லாவற்றையும் என் நெஞ்சோடு ஒட்டியபடி பார்த்தார்கள். குட்டி எடுக்கிறவர்கள் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒன்றுக்கு, இரண்டுக்குப் பழக்குவதில் ஒரு கணக்கு உண்டு. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள், அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் மாடிக்குத் தூக்கிப் போய்க் கோணிச் சாக்கின் மேல் விடுவோம், ராத்திரி 2 மணிக்கும் அலாரம் வைத்து. முடித்த அந்த நொடியே அங்கேயே ஒரு துண்டு கோழி. கீழே வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து மாடிக்குக் கொண்டு போனால் ஒன்று வேலையைப் பாதியில் விட்டு மற்றதைத் துரத்தும், அதனால் ஒவ்வொன்றாகத்தான். வீட்டுக்குள் போய்விட்டால் அடிக்கவோ மூக்கைத் தேய்க்கவோ வேண்டாம். மறைவாகப் போகத்தான் அது பழகும். ஃபினாயிலை நிறுத்திவிட்டு வாடையை அடியோடு எடுக்கும் என்சைம் கிளீனர் வாங்கினோம், வாடை தங்கிவிட்டால் அதே மூலைக்குத் திரும்ப வருவார்கள். எள்ளு நாலரை மாதத்தில் பழகிவிட்டாள், கம்புவுக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

கட்டளைச் சொற்கள் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினையாக இருந்தன. நான் "உட்காரு" என்பேன், பையன் "சிட்" என்பான், அத்தை "குந்து" என்பார், வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் "கூத்கோ" என்பார். பாவம், குட்டிகள் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். பெங்களூரில் இருக்கிற எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எல்லோரும் உட்கார்ந்து பேசி அத்தையின் "குந்து"வை எடுத்துக்கொண்டோம். வேறு பேச்சில் வராத, வெட்டினாற்போல முடிகிற சொல். கூப்பிடுவதற்கு முதலில் "வா" என்று வைத்திருந்தது தப்பு. "சாப்பிட வா", "உள்ள வாங்க", "போயிட்டு வா" என்று நாள் முழுக்க அந்தச் சொல் வீட்டில் ஓடுகிறது, நாய் காதில் அது கரைந்து போய்விடுகிறது. அத்தை ஊர்ப் பழக்கத்தில் "தோ... தோ தோ" என்று கூப்பிட, இரண்டும் எங்கிருந்தாலும் பாய்ந்து வந்தன. வேறு யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லையே. அதையே வைத்துக்கொண்டோம். "தோ தோ" என்று கூப்பிட்டுத் திட்டுவதில்லை, குளிப்பாட்ட இழுத்துப் போவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டமும் போட்டோம்.

பயிற்சியை நாங்களே செய்ய முடியாது என்று நினைத்து ஐந்தாவது மாதத்தில் ஒருவரை வரச்சொன்னோம். வந்தவர் இறுகும் சங்கிலியைக் கம்பு கழுத்தில் போட்டு, இழுத்துத் தரையில் அமுக்கினார். நாய்க்கு யார் எஜமான் என்று காட்ட வேண்டும் என்றார். இரண்டாவது வகுப்புக்கு அவர் பைக் சத்தம் கேட்டதுமே கம்பு நின்ற இடத்தில் ஒன்றுக்குப் போய்விட்டான். அன்றோடு நிறுத்திவிட்டோம். கழுத்துப் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மார்போடு மாட்டும் பட்டை வாங்கி, அதை நீட்டும்போதெல்லாம் கோழி கொடுத்து, அவன் தானாகத் தலையை நுழைக்க ஒரு மாதம் ஆனது. அந்த இரண்டு வகுப்புகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கிறது. ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, பட்டாணி அளவு கோழி, சரியாகச் செய்த நொடியில் "ஆங்!" என்று ஒரு சொல். எங்கள் இரண்டும் கற்றதெல்லாம் இப்படிக் கற்றதுதான்.

சாப்பாட்டில் அத்தையோடு கொஞ்சம் வாதம் நடந்தது. "ஏம்மா, மிச்ச சாம்பார் சாதம் போட்டா என்ன?" என்பார். "வெங்காயம் இருக்கு அத்தை, அவங்க ரத்தத்துக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லி இப்போது உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் அரிசியும் கோழியும் பூசணியும் அவரே தனியாக வேகவைக்கிறார். பாதி அது, பாதி கடைத் தீனி. திராட்சையும் சாக்லேட்டும் விஷம். வெந்த கோழி எலும்பு உடைந்தால் குத்தும், அதுவும் கூடாது. பால் கொடுத்ததுதான் எள்ளுவின் அந்த வயிற்றுப்போக்குக்குக் காரணம்.

உண்ணி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். இந்த ஊரில் வருடம் முழுக்க உண்ணி இருக்கிறது. 2025 மார்ச்சில் மாதாந்திர மாத்திரை இரண்டு வாரம் தள்ளிப்போன சமயத்தில் கம்பு ஒரு நாள் தட்டைத் தொடவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருந்தது. காய்ச்சல் 104 டிகிரி. நாய்க்கு 102.5 வரைதான் சாதாரணம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் இறங்கியிருந்தது, உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா என்ற நோய். நாலு வாரம் டாக்சிசைக்ளின் மாத்திரை. சீக்கிரம் பார்த்ததால் பிழைத்தான். இப்போது வெளியே போய் வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி மூன்றையும் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறோம்.

ஆணும் பெண்ணும் என்றால் கருத்தடையைத் தள்ளிப்போடாதீர்கள், கூடப் பிறந்தது என்ற கணக்கெல்லாம் நாய்க்குக் கிடையாது. ஆறு மாதத்திலேயே பருவம் வந்துவிடலாம். எள்ளுக்கு 2024 அக்டோபர் முதல் வாரத்தில் ஆபரேஷன் செய்தோம், கம்புவுக்கு டிசம்பரில். முதல் தீபாவளிக்கு எள்ளுவின் தையல் ஆறியிருந்தது. ஒரு மாதம் முன்பிருந்தே வெடிச் சத்தத்தைப் போனில் மெல்ல வைத்துக் கேட்கப் பழக்கியிருந்தோம். அன்றைக்கு நடு அறையில் ஜன்னல் சாத்தி, ஃபேனும் டிவியும் ஓட, பையன் இரண்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டான். நடுங்கினார்கள், ஆனால் சாப்பிட்டார்கள்.

செலவு: மாதம் இரண்டுக்கும் 6,500 ரூபாய்க்குக் குறையாது. ஊசி, ஆபரேஷன் எல்லாம் சேர்த்து முதல் வருடம் 1 லட்சத்தை ஒட்டி வந்தது. ரேபிஸ் சான்றிதழ் வைத்து மாநகராட்சியில் நாய் உரிமமும் வாங்கிவிடுங்கள்.

போன மாதம் சந்து முனையில் பெருச்சாளி ஒன்று ஓட, கம்பு என் வீட்டுக்காரர் கையிலிருந்து லீஷைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அந்தப் பக்கம் மெயின் ரோடு, பஸ் வருகிறது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அத்தை "தோ... தோ தோ" என்று ஒரே குரல்தான் கொடுத்தார். கம்பு ஓட்டத்திலேயே திரும்பினான், மண்ணில் நகம் சறுக்கியது. ஒரு நொடி பெருச்சாளி போன பக்கம் பார்த்தான், அப்புறம் நேரே எங்கள் கேட்டுக்கு வந்து நின்றான். அன்று அவனுக்கு ஒரு முட்டை முழுசாகக் கிடைத்தது.

இன்னும் ஆட்டோவில் ஏற மாட்டேன் என்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பன் பார்க்குக்குள் வண்டி விடுவதில்லை, நாயோடு நடக்க நல்ல இடம். எள்ளு என்னோடு நாலு தடவை போய் வந்துவிட்டாள். இவனுக்காக எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணனிடம் கேட்டு வைத்திருக்கிறோம். எஞ்சின் அணைத்து நிற்கிற ஆட்டோ, பின் சீட்டில் ஒரு துண்டு கோழி. நேற்று முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தான்.