பலெர்மோவில் இரண்டாம் ரோஜர் நடை: போகலாமா?

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவில் இரண்டாம் ரோஜர் மன்னரின் தடம் பார்த்து நடக்கும் அரைநாள் சுற்றுலாவுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கட்டாயம் போங்கள், ஆனால் வழிகாட்டி சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். சிறு குழுக்களை இப்படிக் கூட்டிப்போகிறவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் போன வழி இது: பெல்லினி சதுக்கத்தில் மார்த்தொரானா தேவாலயம், அங்கிருந்து நடந்து கதீட்ரல், கடைசியில் நார்மன் அரண்மனையும் அதற்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயமும். என்னோடு வந்தவர் தனியாகத் தொழில் செய்யும் ஒரு பெண் வழிகாட்டி. ஆங்கிலம் தெளிவு, அவசரப்படுத்தவில்லை, கேள்வி கேட்டால் முகம் சுளிக்கவில்லை.

மன்னர் யாரென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1095இல் பிறந்தவர். அப்பா முதலாம் ரோஜர், சிசிலியை முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்த, வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன் பிரபு. அப்பா 1101இல் இறந்தார், அண்ணன் சைமன் 1105இல் இறந்தான், ஒன்பது வயதுப் பையன் கைக்குத் தீவு வந்தது. பையன் பெரியவனாகும் வரை அம்மா அதெலாசியாதான் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தார். 1130 கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோ கதீட்ரலில் முடிசூட்டு விழா. ஆனால் அந்த முடிக்குச் சம்மதம் கொடுத்த அனக்லெத்து, அப்போது போப்பாண்டவர் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் ஒருவர். மற்றவரான இன்னொசென்ட் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அனக்லெத்து இறந்தபிறகு 1139இல் இன்னொசென்ட் படை திரட்டிக்கொண்டு வந்தார், கல்லூச்சோ என்ற இடத்தில் ரோஜரின் மகனிடம் சிக்கினார், மூன்றாம் நாளே ரோஜரை மன்னராக ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையை வழிகாட்டி கதீட்ரலுக்குப் போகிற வழியில், வித்தோரியோ எமனுவேலே தெருவின் கடைகளுக்கு நடுவே நடந்துகொண்டே சொன்ன விதம் அருமை. ஒருவரும் கைபேசியைத் தொடவில்லை.

சரி, மார்த்தொரானா. ரோஜரின் கடற்படைத் தளபதி அந்தியோக்கியா ஜார்ஜ் கட்டிய தேவாலயம் இது, 1143இலேயே இருந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லாரும் கழுத்தை மேலே தூக்கிவிடுகிறார்கள், அதனால் வாசல் பக்கம் இருக்கும் முக்கியமான படத்தைத் தவறவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி முதலில் எங்களை அங்கேதான் நிறுத்தினார். தங்கப் பின்னணியில் ஏசு நிற்கிறார், தன் கையாலேயே ரோஜர் தலையில் முடியை வைக்கிறார், ரோஜர் தலையைச் சற்றுக் குனிந்திருக்கிறார். உடுத்தியிருப்பது கான்ஸ்டான்டினோபிள் பேரரசர்களின் உடை. தலைக்கு மேலே ‘ரொகேரியோஸ் ரெக்ஸ்’ என்று எழுதியிருக்கிறது: சொல் லத்தீன், எழுத்து கிரேக்கம். நடுவில் போப்பும் இல்லை, ஆயரும் இல்லை. இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பாருங்கள், தாடி, முடி, மூக்கு எல்லாம் ஒரே சாயல். பத்து வருடம் போப்போடு மல்லுக்கட்டிய ஒரு ராஜாவின் சபையில் இப்படி ஒரு படம் எதற்கு வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு படத்துக்காகவே நான் காசு கொடுப்பேன்.

கதீட்ரலில் கொஞ்ச நேரம் போதும். ரோஜரின் கல்லறை இங்கே இருக்கிறது, ஆனால் அவர் ஆசைப்பட்டது செஃபாலூ என்ற பக்கத்துக் கடலோர ஊரில். அதற்காக 1145இல் போர்ஃபிரி என்ற செந்நீலக் கல்லில் செய்த இரண்டு பேழைகளை அங்கே வைத்தார். 1154இல் இறந்ததும் பலெர்மோவிலேயே புதைத்துவிட்டார்கள். பேரன் இரண்டாம் பிரெடெரிக் 1215இல் அந்தப் பேழைகளை இங்கே கொண்டுவரச் செய்தார். இன்றைக்கு ஒன்றில் பிரெடெரிக்கும் இன்னொன்றில் அவருடைய அப்பா ஆறாம் ஹென்றியும் கிடக்கிறார்கள். ரோஜருக்கு அதே கல்லின் பலகைகளைச் சேர்த்துச் செய்த எளிமையான பெட்டிதான். அதன் முன்னால் நின்றபோது எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. முதல் மனைவி எல்விரா 1135இல் இறந்தபோது அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த மனிதர் இவர், ராஜாவே செத்துவிட்டார் என்று தென் இத்தாலியில் வதந்தி பரவி எதிரிகள் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராகப் பறிகொடுத்தார்.

அரண்மனைதான் உச்சம். சிற்றாலயத்துக்குள் போகும் முன், வெளிச் சுவரில் பதித்த ஒரு கல்வெட்டைக் காட்டச் சொல்லுங்கள், சில குழுக்கள் அதைக் கடந்து போவதைப் பார்த்தேன். ரோஜர் ஒரு நீர்க்கடிகாரம் செய்ய வைத்ததைச் சொல்லும் கல் அது. மேலே லத்தீன், நடுவில் கிரேக்கம், கீழே அரபு. ஒரே வருடத்தை லத்தீனில் 1142 என்றும், கிரேக்கத்தில் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து 6650 என்றும், அரபில் ஹிஜ்ரி 536 என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்த ராஜ்ஜியத்தில் வாழ்ந்த மூன்று கூட்டத்தாரும் அவரவர் கணக்கிலேயே படித்துக்கொள்ளலாம்.

உள்ளே தங்கத் துண்டுகள் பதித்த மொசைக் படங்கள் எல்லார் கண்ணையும் பறிக்கும். நடுக்கூடச் சுவர்களில் இருப்பவை பெரும்பாலும் மகன் வில்லியம் காலத்தவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் சொல்ல வருவது மரக்கூரையைப் பற்றி. தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போல அடுக்கடுக்கான குழிகள், ஒவ்வொரு குழிக்குள்ளும் சாயம் தீட்டிய ஓவியம்: குடிக்கிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், ஆடுகிறவர்கள், எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடும் இருவர். கிறிஸ்தவ ஆலயத்தின் கூரையில் ஒரு முஸ்லிம் அரண்மனையின் விருந்து நடக்கிறது. வெறும் கண்ணுக்கு இதில் பாதிகூடத் தெரியாது. சின்ன பைனாகுலர் ஒன்று பையில் இருக்கட்டும்.

இங்கே வழிகாட்டி பையிலிருந்து ரோஜர் சபையிலிருந்த முஸ்லிம் புவியியலாளர் அல் இத்ரீசி வரைந்த உலகப்படத்தின் அச்சுப்படி ஒன்றை எடுத்து விரித்தார். ரோஜர் பயணிகளையும் வணிகர்களையும் கூப்பிட்டு விசாரிக்க வைத்து, பதினைந்து வருட உழைப்பில் 1154 ஜனவரியில் முடிந்த வேலை, 70 பகுதிப் படங்கள், கூடவே வெள்ளியில் செதுக்கிய ஒரு வட்ட உலகப்படம். வெள்ளிப்படம் தொலைந்துவிட்டது. தெற்கு மேலே இருப்பதால் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் தேடினால் இந்துமாக்கடலில் சரந்தீப் என்று எங்கள் இலங்கைத் தீவு பெரிதாகக் கிடக்கிறது. பலெர்மோவில் இத்தனை ஈழத்தமிழர் வாழ்கிறோம், பெல்லெக்ரீனோ மலையில் ஊரின் காவல் புனிதை ரொசாலியா அம்மாவிடம் நேர்த்தி வைக்கிறோம், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள். இந்த அரண்மனை மன்னருக்காக 12ஆம் நூற்றாண்டிலேயே நம் தீவைப் படத்தில் குறித்திருக்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?

இனி குறை. நடை முழுக்க வழிகாட்டி ரோஜரை மதச் சகிப்புத்தன்மையின் திருவுருவமாகவே காட்டினார். அரபு எழுத்தர்கள், கிரேக்கத் தளபதி, முஸ்லிம் அறிஞர், எல்லாம் உண்மைதான். ஆனால் 1130களில் எதிர்த்து எழுந்த தென் இத்தாலிய நகரங்களை எரித்து நொறுக்கியவரும் இவரே. 1153இல் தன் சொந்தத் தளபதி மஹ்தியா பிலிப்பை, வெளியே கிறிஸ்தவனாகவும் உள்ளே முஸ்லிமாகவும் இருந்தான் என்று குற்றம் சாட்டி எரித்துக் கொன்றதும் இவருடைய ஆட்சிதான். வட ஆப்பிரிக்காவில் பிடித்த ஊரில் நல்லவர்களைக் குடும்பத்தோடு வெளியேற விட்டதால் பிலிப் மீது மன்னருக்குக் கோபம் என்று அரபு வரலாற்றாசிரியர் இபின் அல் அதீர் எழுதுகிறார். இதை நான் கேட்டபோது வழிகாட்டி, அது கடைசிக் காலத்து அரசியல், நேரம் போதாது என்று நகர்ந்துவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாற்பது நிமிடம் பேசிய ‘மூன்று மதம் ஒரே கூரை’ பேச்சில் ஐந்து நிமிடம் குறைத்திருந்தால் பிலிப்புக்கு இடம் கிடைத்திருக்கும். ரோஜருக்காகச் செய்து இப்போது வியன்னாவில் இருக்கும் சிவப்புப் பட்டுப் போர்வையை முடிசூட்டுப் போர்வை என்றே சொன்னதும் சரியில்லை. ஓரத்தில் தைத்திருக்கும் அரபு வரியில் ஹிஜ்ரி 528 என்று இருக்கிறது, அதாவது 1133 அல்லது 1134, முடிசூட்டு விழா அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: அரண்மனையில் இன்றைக்கும் சிசிலிச் சட்டமன்றம் இயங்குகிறது, அது கூடும் நாட்களில் ரோஜர் அறை உட்பட மேல்மாடி அறைகள் மூடியிருக்கும், அதனால் பதிவு செய்யும்முன் எந்தக் கிழமை என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோளை மூடும் உடை வேண்டும். மார்த்தொரானாவில் அடிக்கடி திருமணம் நடக்கும், அப்போது உள்ளே விடமாட்டார்கள், நேரத்தை மாற்ற வழிகாட்டி தயாரா என்பதையும் விசாரியுங்கள். மொன்ரெயாலே கதீட்ரலையும் இதே நாளில் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள், அழகான இடம்தான், ஆனால் அது பேரன் இரண்டாம் வில்லியம் கட்டியது. அந்த நேரத்தை மிச்சம் பிடித்து மறுநாள் ரயிலேறி செஃபாலூவுக்குப் போங்கள், ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம், ரோஜர் 1131இல் தொடங்கிய கதீட்ரலும் பீடத்துக்கு மேலே அந்தப் பெரிய ஏசு முகமும் அங்கே இருக்கின்றன, அதற்கு வழிகாட்டி தேவையில்லை.