மலை ஊரில் வீடு எடுக்கிறீர்களா? செயலியில் போட்ட புக்கிங்கை மட்டும் கேன்சல் செய்துவிடாதீர்கள்

அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவரை எங்காவது அழைத்துப்போய் நாலு நாள் நிம்மதியாக உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். ஊர் சுற்றும் திட்டமெல்லாம் இல்லை. ஒரு பால்கனி, ஒரு நாற்காலி, எதிரே நிறம் மாறிய மரங்கள் போதும். அதற்காக இலையுதிர் காலத்தில் ஒரு மலை ஊரில் ஐந்து நாளைக்கு வீடு பிடித்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன். இந்தச் சீசனில் பணம் கட்டப்போகும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டாலும் நல்லது.

எல்லோரும் பயன்படுத்தும் புக்கிங் செயலியில்தான் அந்த வீட்டைப் பார்த்தேன். மலைச்சரிவில் மர வீடு, பால்கனியை ஒட்டிச் செக்கச்செவேலென்று ஒரு மேப்பிள் மரம். மதிப்பெண் 4.8. புக் செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, உரிமையாளர் செயலியின் சாட்டிலேயே என் நம்பரை வாங்கிக்கொண்டு போன் செய்தார். “கமிஷன் நிறையப் பிடிக்கிறாங்க சார். அதுல கேன்சல் பண்ணிட்டு நேரா எனக்கு அனுப்பிடுங்க, 15 சதவீதம் குறைச்சுக்கறேன்” என்றார். அம்மாவின் காலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். வீட்டில் படியே கிடையாது என்றார். அந்த அக்கறையில்தான் விழுந்தேன். புக்கிங்கை நானே கேன்சல் செய்து, முழு வாடகையையும் அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன்.

சாவியை மாலை ஆறு மணிக்கு மேல்தான் தர முடியும் என்று சொல்லியிருந்தார். அது ஏன் என்று அங்கே போன பிறகுதான் விளங்கியது. நாங்கள் போய் நிற்கும்போது இருட்டிவிட்டது, அம்மா களைத்துப் போயிருந்தார். “அந்த வீட்ல பைப் உடைஞ்சிடுச்சு சார், தண்ணி இல்ல. கீழ இன்னொரு வீடு இருக்கு, அதே மாதிரிதான்” என்றார். அந்த நேரத்தில் வேறு எங்கே போவது? சரி என்று தலையாட்டினேன்.

‘கீழே’ என்றால் பள்ளத்தாக்கின் அடியில், ஓடைக்கரையில். வாசலுக்கு இறங்க பதினொரு படி, கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு படியிலும் அம்மா இரண்டு காலையும் சேர்த்து வைத்து, என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மறுநாள் பார்த்தால் மதியம் இரண்டரைக்கே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. குளிர்காற்று கனமானது, காற்றடிக்காத தெளிந்த இரவுகளில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். அதனால் மேலே இருக்கும் வீட்டைவிடக் கீழே இருக்கும் வீடு இன்னும் குளிராக இருக்க வாய்ப்பு உண்டு. ‘ஓடை ஓசையுடன் அழகிய வீடு’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் இதையும் யோசியுங்கள்.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். படுக்கையறையில் ஒரு பழைய கேஸ் ஹீட்டர் இருந்தது. புகை வெளியே போகக் குழாய் இல்லை. அதற்கு மேலே சுவரில் கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. குளிர் வராமல் இருக்க ஜன்னல் இடுக்கு முழுவதும் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் இரவு அதைப் போட்டுவிட்டுத் தூங்கினோம். விடியற்காலையில் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், வாந்தி வரும் போலிருக்கிறது என்றார். எனக்கும் தலை பாரமாக இருந்தது. பயணக் களைப்பு என்று விட்டிருப்பேன். ஆனால் வெளிக்காற்றுக்காகக் கதவைத் திறந்து வாசலில் உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் இருவருக்குமே தெளிந்தது. உடனே உள்ளே போய் ஹீட்டரை அணைத்து, டேப்பைக் கிழித்து ஜன்னல்களைத் திறந்தேன்.

அளந்து பார்க்கக் கருவி எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் கார்பன் மோனாக்சைடு தாக்கினால் வரும் அறிகுறிகள் இவைதான்: தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளியே வந்தால் தெளிவது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அன்றைக்கு அம்மா எழுந்திருக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்தால் இன்னமும் உடம்பு நடுங்குகிறது. இந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் உள்ளங்கையில் அடங்கும். இப்போது எங்கே போனாலும் அது எங்கள் பையில் இருக்கிறது.

படத்தில் பார்த்த சிவப்பு மரமும் ஏமாற்றுத்தான். “நீங்க வர்ற நாள்ல கலர் உச்சத்துல இருக்கும்” என்றார். நாங்கள் போனபோது மரங்கள் மொட்டையாக நின்றன. உயரம் கூடக்கூடக் குளிர் முந்தி வரும், 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதனால் உச்சியில் முதலில் நிறம் மாறி, அப்புறம் படிப்படியாகக் கீழே இறங்கும். பலத்த காற்றோ மழையோ அடித்தால் ஒரே நாளில் உதிர்ந்தும் போகும். ஊரின் பெயரை மட்டும் பார்த்து நாள் குறிக்காதீர்கள், வீடு எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். ரோப் காரும் மூடிக்கிடந்தது. கோடைக்கும் பனிச்சறுக்கு சீசனுக்கும் நடுவே பல மலை ஊர்களில் பராமரிப்புக்காக அதை நிறுத்திவிடுகிறார்கள். அது உரிமையாளருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

இரண்டாம் நாளே கிளம்பிவிட்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். செயலியின் வாடிக்கையாளர் சேவையில், “உங்கள் புக்கிங்கை நீங்களே ரத்து செய்திருக்கிறீர்கள்” என்றார்கள். வங்கியில், நீங்களாக அனுப்பிய பணம், மீட்பது கடினம் என்றார்கள். செயலிக்குள்ளேயே கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ஆட்சேபம் எழுப்பவாவது வழி இருந்திருக்கும். புக்கிங் இல்லாததால் அங்கே விமர்சனம்கூட எழுத முடியவில்லை. என்னைப் போல வெளியே பணம் கட்டி ஏமாந்தவர் எத்தனை பேர் இருந்தாலும் அந்த 4.8 குறையவே குறையாது. இப்போது போய்த் தேதி பார்த்தால், அங்கிருக்கும் விமர்சனங்கள் எல்லாமே கோடை மாதங்களில் எழுதியவை. பால்கனிப் படத்தைப் படத்தேடலில் போட்டால், வேறொரு ஊர் வீட்டின் விளம்பரத்திலும் அதே பால்கனி, அதே மேப்பிள். இந்தத் தேடலுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது. தயவுசெய்து பணம் கட்டும் முன்னால் செய்யுங்கள்.

பேச்சையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், சைபர் குற்றப் பிரிவில் புகாரும் கொடுத்தாயிற்று.

அம்மா இன்னும் அந்தப் பால்கனி ஆசையை விடவில்லை. போன வாரம் வேறொரு வீட்டுக்காரம்மாவுக்குச் செயலி வழியாகவே எழுதினேன். நாங்கள் வரும் தேதியில் மரங்கள் எப்படி இருக்கும், எவையெல்லாம் மூடியிருக்கும், அறை ஹீட்டர் என்ன வகை, வீடியோ காலில் வாசல் படியைக் காட்ட முடியுமா என்று நாலே கேள்வி. அன்று மாலையே போனைக் கையில் பிடித்து வாசலிலிருந்து படுக்கையறை வரை நடந்து காட்டினார். அப்புறம் சொன்னார்: “நீங்க சொல்ற தேதிக்கு இலை எல்லாம் கொட்டியிருக்கும்ங்க. பத்து நாள் முன்னாடி வாங்க. அதுக்கு முடியலன்னா இந்த வருஷம் வேண்டாம்.”

பத்து நாள் முன்னதாகவே புக் செய்திருக்கிறேன்.