ஜெஃபர்சன் வீட்டுக் கடிதங்கள்: ஆறு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் தன் மகள்களோடும் பேரப்பிள்ளைகளோடும் நடத்திய கடிதப் போக்குவரத்தின் தொகுதி அது. ஆறு வருடம் புரட்டியதில் முதுகு பிய்ந்து, தாள்கள் கையோடு வர ஆரம்பித்துவிட்டன. போன வாரம்தான் பைண்டிங் போட்டு வாங்கினேன். உதிர்ந்து கிடந்த 1805 தாளை 1825க்குப் பின்னால் வைத்துத் தைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவுக்கே அந்தத் தவறுதான் காரணம்.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கடிதத்தைத் திறந்தாலும் ஒரே புலம்பல்: இன்ன தேதிக் கடிதம் கிடைத்தது, அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை, ஏன் எழுதவில்லை? அப்புறம் யாருக்கு அம்மை, யாருக்குக் கக்குவான். நாட்டின் ஜனாதிபதி என்பதே மறந்துபோகும்.

ஆனால் அந்த 1805 கடிதம் இருக்கிறதே! பேத்தி எல்லனுக்கு எட்டு வயது. தாத்தா பேரேடு மாதிரியே பற்று வரவு எழுதி அனுப்புகிறார். மூன்று வாரத்துக்கு ஒன்று வீதம் 15 வாரத்துக்கு 5 கடிதம், வரவு 1, பாக்கி 4. சீக்கிரம் அடைக்காவிட்டால் கடன் வசூலிக்கும் அதிகாரியான ஷெரீஃபை அனுப்பிவிடுவாராம். இதைக் காட்டாமல் நான் யாரையும் வீட்டிலிருந்து அனுப்பியதில்லை.

இப்போது அதற்கு முன்னால் இருப்பது 1825 நவம்பர் கடிதம். எல்லன் கல்யாணமாகி பாஸ்டன் போய்விட்டார். பின்னால் அனுப்பிய சாமான்கள் கப்பலோடு கடலில் போயின. அதில் ஓர் எழுதுமேசை. செய்தவர் ஜான் ஹெமிங்ஸ், ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் அடிமையாக இருந்த தச்சர். சேதியை முதலில் கொண்டுவந்ததே அவர்தான், இடிந்துபோயிருந்தார் என்று எழுதுகிறார் ஜெஃபர்சன். தன் காவியமான ஈனியட் தீயில் எரிந்திருந்தால் ரோமானியக் கவி வெர்ஜில்கூட இவ்வளவு நொந்திருக்க மாட்டாராம்.

முதல் தடவை கண் கலங்கிவிட்டது. இப்போது கோபம்தான் வருகிறது. ஹெமிங்ஸுக்கும் எழுதத் தெரியும். ஜெஃபர்சனின் இன்னொரு வீடான பாப்ளர் ஃபாரஸ்டில் வேலை செய்தபோது ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். என் தொகுதியில் அவற்றுக்கு இடமில்லை, அவர் குடும்பம் இல்லையே! ஜெஃபர்சனோ தன் அடிமைகளையும் சேர்த்து 'என் குடும்பம்' என்று எழுதுகிறவர். 1826இல் அவர் இறந்தபோது கடன் லட்சம் டாலருக்கு மேல். உயிலில் விடுதலை பெற்ற ஐந்து பேரில் ஹெமிங்ஸ் ஒருவர். 1827 ஜனவரியில் கடனடைக்க 130 பேர் ஏலத்துக்கு என்று விளம்பரம் வந்தது. அடுத்த தாளைத் திருப்பினால், பாக்கி 4, ஷெரீஃப் வருகிறார்.

நல்ல தாத்தா. அதில் எனக்கு இன்னமும் சந்தேகமில்லை.

"வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன். "அப்போ உன்னோடதைக் கொடு, படிச்சுட்டுத் தரேன்" என்றார். அதையும் தர மனமில்லை. தாளைச் சரியான இடத்தில் வைத்துத் தைத்துத் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் எடுத்துப் போகவில்லை.