புறக்கோட்டையில வாங்கின லித்தியம் பெற்றரி + இன்வெர்ட்டர், வெள்ளவத்தை பிளாட்டுக்கு சரிவருமா?

முதல்லயே சொல்லிடுறன், சாமான் நல்லம், விலைதான் கையைக் கடிக்குது. எங்கட பிளாட்டில ஜெனரேட்டர் லிப்டுக்கும் தண்ணி மோட்டருக்கும் மட்டும்தான், வீட்டுக்குள்ள கரண்ட் வராது. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை சப்ஸ்டேஷனில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டது ஞாபகம் இருக்கும்தானே, ஞாயிறு பகல் எண்டதால பாவனை குறைவு, கூரை சோலார் கூட, மின் நிலையங்களிட பெரிய மெஷினுகள் குறைவாத்தான் சுத்தினது, அதால அந்த அதிர்ச்சியை கிரிட் (நாட்டிட மின் வலையமைப்பு) தாங்கேல்ல. நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தில மூண்டு மெஷினும் நிண்டு, அடுத்தடுத்த நாளும் கரண்ட் கட். அதோட முடிவெடுத்ததுதான் இது.

முதலாம் குறுக்குத் தெருவில ஒரு சின்னக் கடை. கடைக்கார நானா "லெட் அசிட் (ஈயமும் அமிலமும் உள்ள பழைய வகை பெற்றரி) எடுத்தா பாதிக் காசில முடிஞ்சிடும் தம்பி" எண்டார், ஆனா அவரே பிறகு வேண்டாம் எண்டும் சொன்னார், அந்த நேர்மை பிடிச்சுது. லெட் அசிட் 1859ல பிரான்ஸ்ல பிளாந்தே எண்ட விஞ்ஞானி செஞ்ச சாமான், கார் ஸ்டார்ட் பண்ண இண்டைக்கும் அதுதான், ஆனா வீட்டுக்கு எண்டா சார்ஜைப் பாதிக்கு மேல இறக்கினா ஆயுள் போயிடும், சார்ஜ் ஏறவும் ஆறுதலாத்தான் ஏறும். 2022ல 13 மணித்தியாலம் கட் வந்த நேரம் கனபேரிட பெற்றரி செத்தது இதாலதான், கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில நிறையாம அரைகுறையா கிடந்து தகட்டில சல்பேட் இறுகிட்டுது.

நான் எடுத்தது லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட், 12.8 வோல்ட் 100 ஆம்ப் அவர். 1991ல சோனி விட்ட லித்தியம் பெற்றரி கோபால்ட் வகை, சூடேறினா ஆபத்து கூட. இந்த இரும்பு பொஸ்பேட் 90களில குடினஃப் எண்ட விஞ்ஞானியும் அவரிட ஆக்களும் கண்டுபிடிச்சது, 97 வயசில நோபல் வாங்கின மனுசன்! லேசில தீப்பிடிக்காது, பிளாட்டுக்கு அதுதான் முக்கியம்.

வோல்ட்டை ஆம்ப் அவரால பெருக்கிக் கணக்குப் பாத்தா 1280 வாட் அவர். ரெண்டு பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவா இழுக்கிற வகை), ரவுட்டர், நாலஞ்சு எல்ஈடி பல்ப், எல்லாம் சேர்த்து 100 வாட் கிட்ட, இன்வெர்ட்டர் தின்னுறதைக் கழிச்சாலும் ஒரு இரவு ஓடுது. 20 ஆம்பில சார்ஜ் ஏறுறதால வெறுமையா இருந்தா அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும். கரண்ட் போனா ரவுட்டர் அணையாம மாறுது, பியூர் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரியே சீரா வாறது) எண்டதால ஃபேன் உறுமேல்ல. ஃபிரிட்ஜ் நினைக்கவே வேண்டாம், ஸ்டார்ட் ஆகேக்க இழுக்கிற இழுவைக்கு இந்த 1000 வாட் இன்வெர்ட்டர் காணாது.

குறை எண்டா, இன்வெர்ட்டருக்குள்ள இருக்கிற குட்டி ஃபேன் சத்தம், படுக்கையறையில வைக்க ஏலாது. மனுவல் முழுக்கச் சீனம். பெற்றரிக்கு 5 வருசம் வாறண்டி, இன்வெர்ட்டருக்கு 1 வருசம்தான், பில்லும் கேட்டாத்தான் எழுதித் தாறாங்கள், கட்டாயம் கேட்டு வாங்குங்கோ. வயரிங்கை எலெக்ட்ரீஷியனிட்ட குடுங்கோ, பிளக்கில குத்தி வீட்டு லைனுக்கு கரண்ட் திருப்பி விடுற விளையாட்டு வேண்டாம், லைன்ல வேலை செய்யிற ஆளுக்கு உயிர் போயிடும். அஞ்சுக்கு நாலு குடுப்பன்.