லட்லோ: ஊருக்குள் நடப்பதா, ஆற்றுக்கு அப்பாலா?

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரின் லட்லோ ஊரில் சுற்ற ஒரு மதியம்தான் இருக்கிறதா? ஊருக்குள் சுற்றுவது சுலபம்: கோட்டைக்கு முன்னாலுள்ள சந்தையில் தொடங்கி, பிராட் தெருவில் இறங்கினால், பழைய மதில் வாசல்களில் தப்பி நிற்கும் பிராட் கேட். மழை வந்தால் ஒதுங்க இடமும் உண்டு.

என் ஓட்டு ஆற்றுக்கு அப்பால்தான். கோட்டைக்குக் கீழே டின்ஹம் பாலத்தில் டீம் ஆற்றைக் கடந்தால், கரையோர மரங்களுக்கிடையே லட்ஃபோர்டு பாலம் வரை ‘பிரெட் வாக்’. (பாதை போட்டவர்களுக்குக் கூலியே ரொட்டிதானாம், காசு கொடுத்தால் குடித்துவிடுவார்களாம்!) அப்புறம் விட்கிளிஃப் மேட்டில் ஏறினால் கோட்டையும் புனித லாரன்ஸ் தேவாலயக் கோபுரமும் ஒரே பார்வையில். 1502இல் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஆர்தர் இறந்தது அந்தக் கோட்டையில்தான். அதனால்தான் அவர் தம்பி எட்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார்.

ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, மழைக்குப் பின் சேறு. நல்ல ஷூ இல்லையா? சரி, ஊருக்குள்ளேயே சுற்றுங்கள்.